விண்மீன் ஒளியும் குறுகிய வாசலும்

"விண்மீன்கள் ஏன் மின்னுகின்றன?" என்று ஆண்டுதோறும் ஏதாவது ஒரு வகுப்பில் ஒரு மாணவர் கேட்டுவிடுகிறார். "காற்றில் ஒளி விலகல் அடைவதால்" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். தேர்வுக்கு அது போதும். ஆனால் விண்மீனின் ஒளியைப் பிரித்துப் படிக்கும் அறிவியலாளர்களுக்கு அந்த ஒரு வரிதான் நூறாண்டுத் தலைவலி. அதற்கு அவர்கள் கண்ட தீர்வின் பெயர் தகவமைப்பு ஒளியியல். காற்றின் அலைக்கழிப்பை அளந்து, விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் ஆடியைக் கொண்டு அதைச் சரிசெய்வதே இந்த நுட்பம்.

இது தெளிவான படம் எடுக்க உதவும் என்பதைப் பலரும் அறிவோம். உயர் பிரிதிறன் நிறமாலை ஆய்வுக்கு இது ஏன் தேவைப்படுகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒளியியல் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு அந்தத் தொடர்பு பெரிதும் பயன்படும்.

வரிகளில் எழுதப்பட்ட செய்தி

சூரிய ஒளியை முப்பட்டகத்தில் செலுத்தினால் ஏழு நிறங்கள் தெரியும். இன்னும் நுணுக்கமாக விரித்துப் பார்த்தால் அந்த நிறப்பட்டையின் குறுக்கே ஆயிரக்கணக்கான மெல்லிய கரும் வரிகள் தென்படும். அவைதாம் ஃபிரான்ஹோஃபர் வரிகள். எந்த வரி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கொண்டு அங்குள்ள தனிமத்தை அறியலாம். வரி இடம் பெயர்ந்திருந்தால், டாப்ளர் விளைவைக் கொண்டு அந்த வாயு நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, என்ன வேகம் என்று கணக்கிடலாம். வரி அகன்றிருந்தால் அதற்கும் ஒரு காரணம் உண்டு.

இந்த ஆய்வில் நம் மண்ணுக்கு முதன்மையான இடம் இருக்கிறது. பழனி மலைத்தொடரின் மேலுள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கொங்குப் பகுதிப் பள்ளிகள் பலவும் சுற்றுலா போவதுண்டு. 1909-ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் பதிவுசெய்தார். புள்ளியின் ஓரப் பகுதியில் வரிகள் இலேசாக இடம் பெயர்ந்திருந்தன. புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை அந்தச் சிறிய இடப்பெயர்ச்சி காட்டிக்கொடுத்தது. இன்றும் உலகப் பாடநூல்களில் அது 'எவர்ஷெட் விளைவு' என்றே வழங்குகிறது.

அதே ஆய்வகத்துக்கு 1960-இல் தலைமையேற்றவர் சென்னையில் பிறந்த வைணு பாப்பு. அதற்கு முன்பே, 1957-இல், ஓலின் வில்சனுடன் சேர்ந்து அவர் ஒரு முக்கியமான தொடர்பை வெளியிட்டிருந்தார். சில விண்மீன்களின் நிறமாலையில் கால்சியத்தின் 'கே' வரிக்கு நடுவே மெல்லிய ஒளிர்வரி ஒன்று தோன்றும். அதன் அகலத்தை அளந்தால் அந்த விண்மீனின் உண்மையான ஒளிர்வை அறியலாம். உண்மையான ஒளிர்வு தெரிந்தால், நம் கண்ணுக்குத் தெரியும் ஒளிர்வுடன் ஒப்பிட்டுத் தொலைவையும் கணக்கிடலாம். ஒரு வரியின் அகலத்திலிருந்து ஒரு விண்மீனின் தொலைவு! ஆனால் நம் கருவியே அந்த வரியை மங்கலாக்கி அகலப்படுத்திவிட்டால் தொலைவும் தவறிவிடும். வரிகளைக் கூர்மையாகப் பார்க்க வேண்டியதன் அவசியம் இங்கே புரிகிறது.

பிளவு என்னும் வாசல்

நிறமாலைமானியின் வாசலில் ஒரு குறுகிய பிளவு இருக்கும். உள்ளே ஒளியை இணைக்கற்றையாக்கி, கீற்றணியால் விரித்து, உணரியில் விழச் செய்கிறோம். நாம் காணும் ஒவ்வொரு நிறமாலை வரியும் உண்மையில் அந்தப் பிளவின் பிம்பம்தான். பிளவு அகலமாக இருந்தால் வரியும் அகலமாகும். பக்கத்துப் பக்கத்து வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிளவைக் குறுக்கினால் வரிகள் கூர்மையாகும். அப்படியானால் குறுக்கிக்கொண்டே போகலாமே என்றால், விண்மீனின் பிம்பம் பிளவைவிட அகலமாக இருக்கும்போது மீதி ஒளி பிளவின் இரு ஓரங்களிலும் பட்டு வீணாகும்.

திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. அதன் முதன்மைக் குவியத்தில் விழும் விண்மீன் ஒளியை 100 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒளியிழை ஒன்று வாங்கி, கீழேயுள்ள அறையில் அசையாமல் இருக்கும் எஷல் நிறமாலைமானிக்குக் கொண்டுசெல்கிறது. வானத்தில் அந்த இழையின் வாய் ஏறத்தாழ 2.7 வில்விநாடி அகலம். (ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு வில்விநாடி.) இழையிலிருந்து வரும் ஒளி முழுவதையும் பயன்படுத்தினால் பிரிதிறன் 30,000-க்கும் கீழேதான் கிடைக்கும். 60 மைக்ரோமீட்டர் பிளவை வைத்தால் அது 60,000-ஐத் தாண்டும். ஆனால் ஒளியில் கணிசமான பங்கு பிளவில் நின்றுவிடும்.

பிரிதிறன் 60,000 என்றால் என்ன? 6000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் 0.1 ஆங்ஸ்ட்ராம் வேறுபாட்டைப் பிரித்துக் காட்ட முடியும் என்று பொருள். வேகமாகச் சொன்னால் விநாடிக்கு 5 கிலோமீட்டர். கூர்மை வேண்டுமானால் ஒளியை இழக்க வேண்டும். ஒளி வேண்டுமானால் கூர்மையை இழக்க வேண்டும். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி, கடைசியில் ஒரு பிளவின் ஓரத்தில் வீணாகிறது. இந்த இழப்புக்குக் காரணம் விண்மீனின் பிம்பம் அவ்வளவு அகலமாக விழுவதுதான்.

பிம்பத்தை அகலமாக்குவது யார்?

கரும்பு ஆலைக் கொட்டகையில் வெல்லம் காய்ச்சும்போது அடுப்பின் மேலாக எதிரே பார்த்தால் தென்னை மரங்கள் நெளிவதைக் கண்டிருப்போம். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் அடர்த்தி மாறுகிறது. அடர்த்தி மாறினால் ஒளிவிலகல் எண் மாறுகிறது. நம் தலைக்கு மேலுள்ள வளிமண்டலம் முழுவதும் இப்படிப்பட்ட கலக்கம்தான், அளவில் மிகச் சிறியது என்பதே வேறுபாடு. விண்மீனிலிருந்து சமதளமாக வரும் அலைமுகப்பு, காற்றின் கடைசிச் சில கிலோமீட்டர்களைக் கடக்கும்போது கசங்கிய துணிபோல் ஆகிவிடுகிறது. அந்தக் கசங்கலும் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்.

2.34 மீட்டர் தொலைநோக்கி, விளிம்பு விளைவின் கணக்குப்படி, பச்சை நிற ஒளியில் 0.06 வில்விநாடி அளவுக்குக் கூர்மையான பிம்பம் தர வேண்டும். காற்றின் கலக்கத்தால் பிம்பம் 2 வில்விநாடிக்குப் பரவினால், இருக்க வேண்டியதைப் போல் 30 மடங்குக்கு மேல் அகலமாகிவிடுகிறது. தொலைநோக்கியின் விட்டத்தைக் கூட்டினால் கூடுதல் ஒளி கிடைக்குமே தவிர இந்தப் பரவல் குறையாது.

பெரிதாக்கினால் தீருமா?

கணித ஆசிரியர்களுக்கு இங்கே ஓர் அருமையான பயிற்சி இருக்கிறது. எஷல் நிறமாலைமானிக்கான எளிய தொடர்பு இது:

பிரிதிறன் = (2 × இணைக்கற்றையின் அகலம் × கீற்றணிச் சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பு) ÷ (பிளவின் கோண அகலம் × தொலைநோக்கியின் விட்டம்)

கோணத்தை ரேடியனில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வில்விநாடி என்பது ஒரு ரேடியனில் 2,06,265-இல் ஒரு பங்கு. டேன் மதிப்பு 4 என்றும், பிளவு ஒரு வில்விநாடி என்றும், நமக்கு வேண்டிய பிரிதிறன் ஒரு லட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் தொலைநோக்கிக்கு இணைக்கற்றை 60 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். 30 மீட்டர் தொலைநோக்கிக்கு 180 சென்டிமீட்டர்! ஆள் உயரத்துக்கு ஒளிக்கற்றை. அதைத் தாங்கும் ஆடிகள், அதைவிட நீண்ட கீற்றணிகள். அவ்வளவையும் வெப்பநிலை மாறாமல், அசையாமல் வைத்திருக்க வேண்டும். தொலைநோக்கி வளர வளர நிறமாலைமானியும் கூடவே வீங்குகிறது.

இப்போது காற்றின் கலக்கத்தை முழுதும் நீக்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். பிம்பத்தின் கோண அகலம், அலைநீளத்தைத் தொலைநோக்கியின் விட்டத்தால் வகுத்த அளவுக்குச் சுருங்கும். பிளவையும் அதே அளவுக்குக் குறுக்கலாம். அதை மேலே உள்ள தொடர்பில் இட்டுப் பாருங்கள்: விட்டம் அடிபட்டுப் போகிறது! 2 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில் அதே ஒரு லட்சம் பிரிதிறனுக்கு இணைக்கற்றை 2.5 சென்டிமீட்டர் இருந்தால் போதும். 10 மீட்டர் தொலைநோக்கிக்கும் அதுதான், 30 மீட்டர் தொலைநோக்கிக்கும் அதுதான். நிறமாலை ஆய்வாளர்கள் தகவமைப்பு ஒளியியலை நாடுவதன் அடிப்படைக் காரணம் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது.

அளந்து திருத்தும் ஆடி

கோவை லேத் பட்டறைகளில் நான்கு தாடைச் சக்கில் ஒரு தண்டை மையப்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் முள் ஏறுகிறதோ அந்தத் தாடையைத் திருத்துவார்கள். மறுபடி சுற்றி அளப்பார்கள். தகவமைப்பு ஒளியியலிலும் நடப்பது இதே 'அளவிடு, திருத்து, மீண்டும் அளவிடு' என்ற சுழற்சிதான்.

இதில் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது அலைமுகப்பு உணரி. சிறுசிறு வில்லைகளின் வரிசை ஒன்று வரும் ஒளியைப் பல புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும். எந்தப் புள்ளி எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்த இடத்தில் அலைமுகப்பு அவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது, கணினி. மூன்றாவது, உருமாறும் ஆடி. மெல்லிய ஆடியின் முதுகில் பொருத்தப்பட்ட இயக்கிகள் அதை மைக்ரோமீட்டர் அளவில் தள்ளியும் இழுத்தும் அலைமுகப்பின் கசங்கலுக்கு எதிரான வடிவத்தைக் கொடுக்கின்றன. பட்டுத் தெறிக்கும் ஒளி மீண்டும் சமதளமாகிறது.

இந்த யோசனையை 1953-இல் முன்வைத்தவர் ஹோரஸ் பாப்காக். மவுண்ட் வில்சன், பாலோமர் வானாய்வகங்களில் பணியாற்றிய அவரும் ஒரு நிறமாலை ஆய்வாளர்தான். விண்மீன்களின் காந்தப்புலத்தை நிறமாலை வரிகளைக் கொண்டு கண்டறிந்தவர். அன்றைக்குப் போதுமான வேகமுள்ள கணினிகளும் உணரிகளும் இல்லாததால், வானியலில் இது நடைமுறைக்கு வர ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின.

அளவிடுவதற்கு, ஆய்வு செய்யும் பொருளுக்குப் பக்கத்திலேயே பளிச்சென்ற விண்மீன் ஒன்று வேண்டும். எல்லா இடத்திலும் அது கிடைக்காது. அதனால் ஒரு செயற்கை விண்மீனை உருவாக்குகிறார்கள். தரையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்தில் சோடியம் அணுக்கள் நிறைந்த ஓர் அடுக்கு உண்டு. 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் லேசரை அதில் பாய்ச்சினால் அந்த அணுக்கள் ஒளிர்கின்றன. வேதியியல் ஆய்வகத்தில் உப்பைச் சுடரில் காட்டும்போது வருகிற அதே மஞ்சள்தான் இது. சுடர் சோதனையைச் செய்துகாட்டும் நாளில் இந்தச் செய்தியைச் சொன்னால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

அயல் கோளில் ஒரு நாள் எத்தனை மணி?

இந்த இணைப்பு என்ன தந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பீட்டா பிக்டோரிஸ் என்ற விண்மீன் நம்மிடமிருந்து 63 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதைச் சுற்றும் ஒரு பெரிய கோள், 2014-இல் அறிவிக்கப்பட்ட ஆய்வின்போது, வானத்தில் அதனிடமிருந்து அரை வில்விநாடிகூட விலகியிருக்கவில்லை. விண்மீனோ கோளைவிடப் பல ஆயிரம் மடங்கு பிரகாசமானது. காற்றின் கலக்கம் அப்படியே இருந்தால் கோளின் ஒளி விண்மீனின் ஒளியில் மூழ்கிவிடும்.

சிலி நாட்டிலுள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியில் தகவமைப்பு ஒளியியலோடு சேர்ந்து இயங்கிய கிரையர்ஸ் என்ற உயர் பிரிதிறன் நிறமாலைமானியைக் கொண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் அந்தக் கோளின் ஒளியைப் பிரித்தெடுத்தனர். அதில் கார்பன் மோனாக்சைடின் வரிகள் சற்று அகன்றிருந்தன. கோள் தன்னைத்தானே சுற்றும்போது அதன் ஓர் ஓரம் நம்மை நோக்கி வருகிறது, மறு ஓரம் விலகுகிறது. அதனால் வரி இரு பக்கமும் விரிகிறது. அந்த விரிவிலிருந்து கணக்கிட்ட சுழற்சி வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பூமியின் நடுக்கோட்டில் இது அரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தக் கோளில் ஒரு நாள் என்பது ஏறத்தாழ 8 மணி நேரம்தான். சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோளின் சுழற்சியை மனிதர் அளந்தது அதுவே முதல் முறை. எவர்ஷெட் கொடைக்கானலில் பயன்படுத்திய அதே டாப்ளர் விளைவுதான் இங்கும் வேலை செய்தது.

எங்கே உதவும், எங்கே உதவாது?

தகவமைப்பு ஒளியியல் எல்லா நோய்க்கும் மருந்தன்று என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிம்பம் 2 வில்விநாடிக்குப் பரவும் ஓர் இரவில், பச்சை ஒளியில் அலைமுகப்பு ஏறத்தாழ 5 அல்லது 6 சென்டிமீட்டர் அகலத்துக்குத்தான் சீராக இருக்கும். 2.34 மீட்டர் ஆடியை அத்தனை சிறு துண்டுகளாகத் திருத்த ஆயிரத்துக்கு மேற்பட்ட இயக்கிகள் தேவை. அதே இரவில் 2.2 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பில் இந்த அகலம் 30 சென்டிமீட்டராகிவிடும். ஐம்பது இயக்கிகள் அளவில் வேலை முடியும். அதனால்தான் இந்த நுட்பம் அகச்சிவப்பில் முதலில் வேரூன்றியது.

கண்ணுறு ஒளியில் இது இல்லாமலே பெரும் பணிகள் நடக்கின்றன. ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் 1.2 மீட்டர் தொலைநோக்கியுடன் இணைந்த 'பராஸ்' நிறமாலைமானி, பிரிதிறன் 67,000 கொண்டது. 600 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீனைச் சுற்றும் கோளின் நிறையை அதைக் கொண்டு அளந்து, 2018-இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் அந்தக் கோளை உறுதிசெய்தார்கள். சிறிய தொலைநோக்கிக்கு நிறமாலைமானி வீங்கும் சிக்கல் குறைவு என்பதை நம் சமன்பாடே சொல்கிறது.

காவலூரிலும் இந்தப் பாதையில் அடியெடுத்து வைத்திருக்கிறார்கள். அங்குள்ள 1.3 மீட்டர் ஜே.சி. பட்டாச்சார்யா தொலைநோக்கியில், விண்மீனின் பிம்பம் மொத்தமாக இங்குமங்கும் ஆடுவதை வேகமாகச் சாயும் ஓர் ஆடியால் நிறுத்தும் கருவியை இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் உருவாக்கிச் சோதித்தார்கள். கசங்கலை நீக்குவதற்கு முன் ஆட்டத்தை நிறுத்துவதே முதற்படி. பிம்பம் ஆடாமல் நின்றால் இழையிலோ பிளவிலோ கூடுதல் ஒளி நுழையும். 2014-இல் இந்திய அரசு ஒப்புதல் அளித்துப் பங்கேற்ற முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்திலும், தகவமைப்பு ஒளியியலைச் சார்ந்த உயர் பிரிதிறன் அகச்சிவப்பு நிறமாலைமானி ஒன்று திட்டமிடப்பட்டிருக்கிறது. அதன் பெயர் மோதிஸ்.

வகுப்பறையில் செய்து பார்க்கலாம்

1. பிளவும் கூர்மையும்: செருப்பு அட்டைப்பெட்டியின் ஒரு முனையில் இரண்டு பழைய அடையாள அட்டைகளை அருகருகே ஒட்டி ஒரு பிளவு அமைக்கவும். மறுமுனையில் ஒரு குறுந்தகட்டைச் சாய்வாகப் பொருத்தி, மேலே பார்க்க ஒரு துளை இடவும். குறுந்தகட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 625 கோடுகள் உண்டு, அதுவே கீற்றணி. பழைய சி.எஃப்.எல். விளக்கையோ குழல் விளக்கையோ பார்த்தால் தனித்தனி நிறக்கோடுகள் தெரியும். (எல்.இ.டி. விளக்கில் தெரியாது.) பிளவை 4 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று குறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கோடுகள் கூர்மையாகும், ஆனால் மங்கும். கட்டுரையின் முழுச் சிக்கலும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். சூரியனை இதன் வழியே பார்க்கக் கூடாது.

2. கலங்கும் காற்று: கைபேசி விளக்கை அலுமினியத் தாளால் மூடி ஊசித்துளை இடவும். இருண்ட கூடத்தின் ஒரு முனையில் அதை வைத்து, இடையே சூடான மின் அடுப்பை ஆசிரியரே வைத்து, பத்து மீட்டர் தள்ளி நின்று அடுப்பின் மேலாகப் பார்க்கவும். கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பதிவுசெய்தால் புள்ளி ஆடுவதும் பரவுவதும் தெரியும்.

3. இரவுக் குறிப்பேடு: தலைக்கு மேலுள்ள விண்மீன், அடிவானத்துக்கு அருகிலுள்ள விண்மீன், வியாழன் கோள் ஆகிய மூன்றில் எது எவ்வளவு மின்னுகிறது என்று மாணவர்கள் குறிக்கட்டும். ஆடிக்காற்று வீசும் இரவுக்கும் தைப் பனியிரவுக்கும் வேறுபாடு உண்டா என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். சிறு வகுப்புகளுக்கு இந்தச் செயல்பாடு ஒன்றே போதும்.

4. மேல்நிலை வகுப்புகளுக்கு: மேலே கொடுத்த சமன்பாட்டில் காவலூர் தொலைநோக்கியின் விட்டத்தையும் இழையின் கோண அகலத்தையும் இட்டு, பிரிதிறன் 60,000 பெற எவ்வளவு அகலமான கற்றை வேண்டும் என்று கணக்கிடச் சொல்லலாம். பிறகு பிளவைப் பாதியாக்கினால் என்ன ஆகும் என்று கேட்கலாம்.

ஒளி விலகல், விளிம்பு விளைவு, டாப்ளர் விளைவு, சுடர் சோதனை ஆகியவற்றை நாம் வெவ்வேறு வகுப்புகளில், வெவ்வேறு பாடங்களில் நடத்துகிறோம். ஒரு விண்மீனின் ஒளியை ஒரு குறுகிய பிளவுக்குள் செலுத்த முயலும்போது இவை எல்லாம் ஒன்றாகத் தேவைப்படுகின்றன. மாணவர் அடுத்த முறை "ஏன் மின்னுகிறது?" என்று கேட்டால், காரணத்தைச் சொன்ன பிறகு, "அதை நிறுத்த முடிந்தால் என்னவெல்லாம் தெரிந்துகொள்ளலாம்?" என்று நாமும் ஒரு கேள்வி கேட்கலாம்.